சாட்சி: ராமக்காள்

சவேரியார்பாளையம்,
கடத்தூர் வழி.
28-9-86

மதிப்பிற்குரிய நர்சம்மாவுக்கு,

நான் ஆரம்பப் பள்ளி டீச்சர் புஷ்பமேரி. போன மாதம் பதினாலாம் தேதி நீங்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போன புஷ்பமேரி. உயிரோடு இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரிவிக்கத்தான் முதலில் இதை எழுதுகிறேன்.

சேலத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பதினெட்டு நாள் ஆகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் இப்போது கிணற்றடி வரை தனியாகப் போகிறேன். வந்த வாரமே உங்களைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். "அப்புறம் பாக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். நேற்று யாரிடமும் சொல்லாமல் நானே துணை சுகாதார நிலையத்துக்குப் போனேன். உங்கள் நாற்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ராமக்கா நர்சம்மாவைச் சித்தேரி மலைக்கு மாற்றிவிட்டார்கள் என்றாள். ஏன் என்று கேட்டேன். தெரியாது என்று சொல்லிவிட்டு மருந்துப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். விலாசம் மட்டும் கொடுத்தாள்.

ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டீர்களே.

உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எதற்கெல்லாம் சொல்வது என்பதே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பன்னிரண்டாம் தேதி நெஞ்சுக்குழிக்குக் கீழே, வலது பக்கம், விலாவை ஒட்டி வலி ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது. வாந்தி எடுத்ததும் ஞாபகம் இருக்கிறது. "வாயு" என்று மாமியார் ஓமக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் ஏதோ கிழங்கு மண் வாசனை, உங்கள் குரல், அவ்வளவுதான். கண் விழித்தபோது பதினெட்டாம் தேதி. வயிறு தட்டையாக இருந்தது. பையன் பிறந்தான், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விட்டான் என்றார்கள். ஏழரை மாதம்தானே.

அந்த நாளில் என்ன நடந்தது என்று இங்கே யாரும் முழுதாகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நீங்கள் எழுதுவீர்களா? என் உயிர் எப்படி எனக்குத் திரும்பக் கிடைத்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

இப்படிக்கு,
நன்றியுடன்,
புஷ்பமேரி

*

சித்தேரி,
அரூர் வழி.
9-10-86

டீச்சர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் நடக்கிறீர்கள் என்று படித்ததும் இரண்டாம் தடவையும் படித்தேன். சுவரைப் பிடிக்காமல் நடக்க அவசரப்படாதீர்கள். கீரை, முட்டை, வேர்க்கடலை சாப்பிடுங்கள். ரத்தம் ஊற நாளாகும்.

மாற்றல் என்பது எங்கள் வேலையில் சகஜம். எங்கே போடுகிறார்களோ அங்கே போகிறோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மகள் ஒன்பதாவது படிக்கிறாள், அவளைக் கடத்தூரில் தங்கை வீட்டில் விட்டிருக்கிறேன். அது ஒன்றுதான் கஷ்டம்.

கேட்டதால் நடந்ததை எழுதுகிறேன். எனக்கு ரிஜிஸ்டர் எழுதித்தான் பழக்கம்.

ஆகஸ்ட் 14, வியாழன். மறுநாள் உங்கள் ஊரில் மாதா தேர். பகல் ஒரு மணிக்கு உங்கள் தெரு வழியாகப் போனேன். உள்ளே நீங்கள் முனகுகிற சத்தம் கேட்டது. பாயில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு கிடந்தீர்கள். முகம் உப்பியிருந்தது. பல் ஈறில் ரத்தம் கசிந்திருந்தது. கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்றீர்கள். உங்கள் மாமியார் ஆரோக்கியம்மாள், "மூணு நாளா தேர் வேலை, பட்டினி, அதான் வாயு புடிச்சிக்கிச்சு" என்றார். பிரஷர் பார்த்தேன். நூற்றெழுபதுக்கு நூற்றிருபது. சிறுநீர் எடுக்கச் சொன்னேன். கடுங்காபி நிறத்தில் இருந்தது. குழாயில் ஊற்றி விளக்கில் காட்டினேன். பால் திரிகிற மாதிரி திரிந்துவிட்டது; நல்ல சிறுநீர் அப்படித் திரியாது.

பதினாறு வருட சர்வீஸில் பிரஷர் ஏறின கர்ப்பிணிகளைப் பார்த்திருக்கிறேன். சிறுநீர் அந்த நிறத்தில் பார்த்ததில்லை. என்ன நோய் என்று எனக்குத் தெரியவில்லை. வாயு இல்லை என்று மட்டும் தெரிந்தது.

உங்கள் வீட்டுக்காரர் கோயிலில் தேருக்கு விளக்கு கட்டிக்கொண்டிருந்தார். ஆள் அனுப்பி வரவழைத்தேன். "காலையில முத பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போறங்க" என்றார். "காலையில வரைக்கும் தாங்காதுங்க" என்றேன். மாமியார், "நல்ல நாளும் அதுவுமா வவுத்துப் புள்ளக்காரியக் கெளப்பி எங்கம்மா கூட்டிட்டுப் போற?" என்று வாசலை மறித்துக்கொண்டார். நான் சத்தம் போட்டேன். மரியாதை இல்லாமல் பேசினேன். பிறகு ரோட்டுக்கு ஓடி முதலில் வந்த லாரிக்கு முன்னால் நின்றேன்.

சேலத்துக்கு மரவள்ளிக் கிழங்கு ஏற்றிப்போன லாரி. டிரைவர் பெயர் மாதையன். எந்த ஊர் என்று கேட்கவில்லை. லாரியை உங்கள் தெருவுக்குத் திருப்பி, வாசலிலிருந்து உங்களை எட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். "ஏத்துங்க" என்றார். உங்கள் வீட்டுக்காரரும் ஏறிக்கொண்டார்.

தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. முன்னாலும் பின்னாலும் வண்டி. மாதையன் தன் லாரியை ஓரம் கட்டினார். மேலே மூடியிருந்த தார்ப்பாயைக் கழற்றி, அதில் உங்களைப் படுக்க வைத்து, அவரும் உங்கள் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு டிரைவர்களும் ஆளுக்கு ஒரு மூலை பிடித்து அரை மைல் நடந்தார்கள். அடைப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஜீப் கிடைத்தது. மாதையனும் எங்களோடு ஏறிக்கொண்டார். வழியில் உங்களுக்கு ஒரு தடவை வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர மாலை ஐந்தேகால். ஆறு மணிக்கு ஆபரேஷன். புது ரத்தம் வேண்டும் என்றார்கள். உங்கள் வீட்டுக்காரர் ஒரு பாட்டில் கொடுத்தார். மாதையன் ஒரு பாட்டில் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு, தன் லாரியைத் தேடிப் போய்விட்டார்.

நன்றி சொல்வதானால் அவருக்குச் சொல்லுங்கள்.

ராமக்காள்

*

சவேரியார்பாளையம்
20-10-86

அன்புள்ள அக்கா,

இனி நர்சம்மா என்று எழுத எனக்கு வராது.

உங்கள் கடிதத்தை மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன். தார்ப்பாயின் நான்கு மூலையைப் பிடித்தவர்களில் மூன்று பேர் முகம் எனக்குத் தெரியாது. இனி ரோட்டில் கிழங்கு லாரி போனால் எழுந்து நின்று பார்ப்பேன்.

நோயின் பெயர் உங்களுக்குத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரியும். டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து தாளில் எழுதிக் காட்டினார். கர்ப்பத்தில் பிரஷர் ஏறும்போது சிலருக்கு மூன்று கெடுதல் ஒன்றாக வருமாம். ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் உடைந்துபோகும். அதனால்தான் சிறுநீர் அந்த நிறம். ஈரல் வீங்கும், அதுதான் விலாவுக்குக் கீழே அந்த வலி. ரத்தத்தை உறைய வைக்கிற அணுக்கள் குறைந்துபோகும். அதுதான் ஈறில் கசிவு. மூன்றின் இங்கிலீஷ் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஹெல்ப்' என்று பெயர் வைத்து நாலு வருடம்தான் ஆகிறதாம். உயிரை எடுக்க வருகிற நோய்க்கு உதவி என்று கூப்பிடுகிற மாதிரி ஒரு பெயர்! "இதற்கு மருந்து பிரசவம்தான். குழந்தையை வெளியே எடுக்காமல் தாயைக் காப்பாற்ற வழியில்லை" என்றார். மஞ்சள் காமாலை என்றும் வயிற்றுப் புண் என்றும் நினைத்து எத்தனையோ பேரைக் கை நழுவ விடுகிறார்களாம். "உன்னை அனுப்பி வைத்த நர்ஸ் யாரம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். பெருமையாக உங்கள் பெயரைச் சொன்னேன்.

அப்படிச் சொன்ன வாயால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் மாற்றலுக்குக் காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது ஒரு பெண் வாய் தவறிச் சொன்னாள். நாற்பது பேர் கையெழுத்தும் கைநாட்டும் போட்ட மனு. 'நல்ல நிலையில் இருந்த கர்ப்பிணியை நர்ஸ் பலவந்தமாக லாரியில் ஏற்றிச் சென்றதால் குறைமாதத்தில் குழந்தையை எடுக்க நேர்ந்து, குழந்தை இறந்துவிட்டது.' எழுதியவர் சின்னப்பராஜ். என் வீட்டுக்காரர். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உங்கள் புண்ணியத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது எழுதியிருக்கிறார்.

கேட்டேன். "ஆமா, எழுதினன்" என்றார். தோட்டத்துக்குப் போய்விட்டார். ஆறு நாளாக அவரோடு பேசவில்லை. சோறு போடுகிறேன், அவ்வளவுதான்.

நான் ஆபீஸருக்கு எழுதப் போகிறேன். மனு முழுப் பொய், அந்த நர்ஸ் இல்லையென்றால் நான் இல்லை என்று எழுதப் போகிறேன். உங்களைத் திரும்ப இங்கே கொண்டுவராமல் விட மாட்டேன். உங்கள் மகள் தாயைப் பிரிந்து இருப்பது எங்களால் என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

புஷ்பா

*

சித்தேரி
2-11-86

அன்புள்ள புஷ்பா,

ஆபீஸருக்கு எழுத வேண்டாம். எழுதிவிட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு யோசி.

நான்கு நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன். உன்னை நீ, வா, போ என்று எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் சொல்ல முடியும்போல இருக்கிறது.

ஆகஸ்ட் நாலாம் தேதி, திங்கட்கிழமை, உன் வீட்டுக்கு வந்தேன். ஞாபகம் இருக்கிறதா? பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். "கால் வீங்குதுங்க, மோதிரம் கழலமாட்டேங்குது" என்று விரலைக் காட்டினாய். பிரஷர் பார்க்கும் கருவி என் பையில்தான் இருந்தது. ரோட்டில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. குடும்பக் கட்டுப்பாடு முகாமுக்கு இரண்டு பெண்களைக் கூட்டிப்போக வேண்டும். அந்த மாதக் கணக்குக்கு ஆள் சேரவில்லை என்று எனக்கு மேலிருந்து திட்டு. ஜீப்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். "உப்பைக் கொறைச்சுக்கோங்க டீச்சர், அடுத்த வாரம் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அடுத்த வாரம் வரவில்லை.

அன்று சாயங்காலம் ரிஜிஸ்டரில் உன் பெயருக்கு நேராக நூற்றிருபதுக்கு எண்பது என்று எழுதினேன். பார்க்காமல் எழுதினேன்.

பதினாலாம் தேதி உன் தெரு வழியாகப் 'போனேன்' என்று எழுதியிருந்தேனே, அது உண்மை இல்லை. உன் மோதிர விரல் பத்து நாளாக என் கண்ணுக்குள் இருந்தது. அதனால்தான் வந்தேன். உன் வாசலில் நான் போட்ட சத்தம் உன் மாமியார் மீது போட்டது இல்லை.

நாலாம் தேதியே பார்த்திருந்தால் பிரஷர் தெரிந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மருந்து கொடுத்திருக்கலாம். பையனுக்கு வயிற்றுக்குள் இன்னும் சில நாள் கிடைத்திருக்கலாம். இது எல்லாம் 'இருக்கலாம்'. ஆனால் நான் தினமும் நினைத்துப் பார்க்கிற 'இருக்கலாம்'.

உன் வீட்டுக்காரர் எழுதிய மனுவில் காரணம் தப்பு. ஆனால் அந்தப் பையனுக்கு நான் ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் மாற்றல் உத்தரவை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் வந்தேன்.

விசாரணை இன்னும் முடியவில்லை. போன வாரம் ரிஜிஸ்டரைப் பார்த்த ஆபீஸர், "நாலாம் தேதி நார்மல்னு இருக்கே. நீங்க கடமையை ஒழுங்கா செஞ்சிருக்கீங்க, கவலைப்படாதீங்க" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தப் பொய் எண்தான் என்னைக் காப்பாற்றப் போகிறது.

நீ எனக்கு எழுதிய நன்றியை நான் வாங்கிக்கொள்ளக் கூடாது. வீட்டுக்காரரோடு பேசு.

ராமக்காள்

*

சவேரியார்பாளையம்
11-1-87

அக்கா,

இரண்டு மாதத்துக்கு மேலாகிவிட்டது. நான் எழுத மாட்டேன் என்றே நினைத்திருப்பீர்கள். எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

நவம்பர் முழுவதும் உங்கள் மேல் கோபம். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் நூற்றிருபது என்று எழுத வேண்டி வந்தால் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன். உங்கள் கடிதத்தைப் பெட்டியின் அடியில், புடவைகளுக்குக் கீழே போட்டேன். பிறகு எடுத்தேன். மறுபடி போட்டேன்.

டிசம்பரில் சேலத்துக்குச் செக்கப்புக்குப் போனேன். டாக்டரம்மாவிடம், உங்கள் பெயரைச் சொல்லாமல், "பத்து நாள் முன்னாலேயே பிரஷர் பார்த்திருந்தால் பையன் பிழைத்திருப்பானா?" என்று கேட்டேன்.  "தெரியாதம்மா. இந்த நோய் சிலருக்கு ஒரே நாளில் ஏறிவிடும். நாலாம் தேதி பார்த்தபோது நார்மலாகவே இருந்திருக்கலாம். ஏறியிருந்து, மருந்து கொடுத்து, பையனுக்கு ஒரு வாரம் கிடைத்திருக்கலாம். அந்த ஒரு வாரம் போதுமா என்பதும் தெரியாது. பார்த்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிச்சயம். நீ பிழைத்ததற்குக் காரணம் பதினாலாம் தேதி என்பதும் நிச்சயம். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் நான் ஆபரேஷனுக்கே கை வைத்திருக்க மாட்டேன்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது தொப்பூரில் இறங்கி ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். அந்த அரை மைல் எது என்று பார்த்தேன். செங்குத்தான இறக்கம். பள்ளத்துப் பக்கம் சுவர்கூட இல்லை. என்னைத் தார்ப்பாயில் தூக்கிக்கொண்டு போகையில் நீங்கள் எந்தப் பக்கம் நடந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். பள்ளத்துப் பக்கம்தான், எனக்குத் தெரியும். அங்கேயே அழுதுவிட்டேன். டீக்கடைக்காரர், "என்னாம்மா, ஆக்சிடென்டா? யாராச்சும் இங்க போயிட்டாங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, பொழைச்சாங்க" என்றேன்.

நாலாம் தேதி பார்க்காமல் போனதும் நீங்கள்தான். பதினாலாம் தேதி லாரிக்கு முன்னால் நின்றதும் நீங்கள்தான். முதலாமவர் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது, அது போகுமா தெரியவில்லை. ஆனால் என் நன்றியைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை இல்லை அக்கா. அது நான் கொடுத்தது. வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸருக்கு எழுதிவிட்டேன். பதினாலாம் தேதி நடந்ததை எழுதினேன், மனுவில் உள்ளது பொய் என்று எழுதினேன். நாலாம் தேதியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நீங்கள் தூங்க மாட்டீர்கள்.

கிறிஸ்துமஸ் அன்று உங்கள் கடிதத்தை அவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஏதோ யோசனையில் இருக்கிறார்.

கடைசியாக ஒன்று. இதை யாரிடமும் கேட்டதில்லை. இந்த வீட்டில் அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினால் நான் உடைந்துவிடுவேன் என்று பயம். நான் நினைவில்லாமல் கிடந்தேன். சேலத்திலேயே, ஆஸ்பத்திரியை நடத்துகிற கன்னியரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டார்கள். என் மகனை நான் பார்த்ததே இல்லை அக்கா. நீங்கள் மூன்று நாள் அங்கே இருந்தீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். பார்த்தீர்களா?

புஷ்பா

*

சித்தேரி
29-1-87

அன்புள்ள புஷ்பா,

முதலில் ஆபீஸ் விஷயம். 19ஆம் தேதி தர்மபுரி போய் ஆபீஸரிடம் சொன்னேன். "அந்த எண் பொய்ங்க சார், நான் பார்க்காமல் எழுதினது" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஏம்மா, முடிஞ்சுபோன விசயத்தை இப்ப எதுக்குத் தோண்டறீங்க?" என்றார். நான் எழுதியே கொடுத்துவிட்டேன். கண்டனக் கடிதம் வந்திருக்கிறது. இரண்டு வருடம் இந்த மலையில்தான். படியிறங்கி வரும்போது நன்றாகப் பசித்தது. ரொம்ப நாள் கழித்துப் பசி.

சின்னப்பராஜ் உன்னிடம் சொன்னாரோ என்னவோ, பொங்கல் கழிந்த மறுநாள் இங்கே வந்தார். மலை பஸ்ஸில் ஒரு கூடை தக்காளியோடு இறங்கினார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மனு எழுதினது நான்தானுங்க."

"தெரியுங்க."

"காலையில போலாம்னு சொன்னதும் நான்தானுங்க. டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, இன்னும் ஒரு மணி நேரம் ஆயிருந்தா பொண்டாட்டியும் இல்லன்னாங்க. என் பேச்சக் கேட்டிருந்தா அவ செத்திருப்பாளேன்னு நெனச்சன். அத வச்சிக்கிட்டு என்னால நிக்க முடியலீங்க. யார் மேலயாச்சும் போட்டாகணும்போல இருந்துச்சு. உங்க மேல போட்டுட்டன்."

"எம் மேலயும் தப்பு இருக்குதுங்க. லெட்டர் படிச்சீங்களே" என்றேன்.

"படிச்சங்க. அதுக்கு நான் ஒன்னும் சொல்ல வரல. மனுவத் திருப்பி வாங்கிக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தன்."

பிறகு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். ராகிக் கூழ் கொடுத்தேன், குடித்தார். பஸ் திரும்பும் நேரம் வந்ததும் எழுந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "பையன நீங்க பார்த்தீங்க இல்லீங்களா? நான் கதவு வரைக்கும்தான் போனன். உள்ள போக முடியல" என்றார். நான் பதில் சொல்வதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. நீ கேட்ட அதே கேள்வி. இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். சேர்ந்து படியுங்கள்.

பார்த்தேன் புஷ்பா. அவன் இருந்த நேரம் முழுவதும் பார்த்தேன்.

ஆறு இருபதுக்கு எடுத்தார்கள். எடை ஆயிரத்து இருநூற்றைம்பது கிராம். அழமாட்டானோ என்று பயந்தோம். அழுதான். சின்னச் சத்தம், பூனைக்குட்டி மாதிரி, ஆனால் கோபமாக. தலை நிறைய முடி, ஈரம் காய்ந்ததும் குத்திட்டு நின்றது. உடம்பெல்லாம் மெல்லிய பூ ரோமம். விரல்கள் நீளம். மூக்கு உன்னுடையது, எடுப்பான மூக்கு. இடது காது மேல் ஓரத்தில் கொஞ்சம் மடிந்திருந்தது. சின்னப்பராஜின் காது அப்படித்தான் என்று அவர் இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன்.

விளக்கு வைத்த கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மூச்சுக்குத்தான் கஷ்டப்பட்டான். நெஞ்சுக்கூடு உள்ளே உள்ளே இழுக்கும். அங்கே இருந்த கன்னியர் சிஸ்டர் என்னைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னார். விரலை நீட்டினேன். பிடித்தான். தளர்வாக இல்லை, இறுக்கமாகவே பிடித்தான். "அம்மா பக்கத்து ரூம்ல இருக்குது, தூங்குது" என்று சொன்னேன். 

சனிக்கிழமை காலை நிறம் மாற ஆரம்பித்தது. சிஸ்டர் அவனை வெளியே எடுத்து என் கையில் கொடுத்தார். ஜன்னல் பக்கம் வெயில் இருந்தது, அங்கே உட்கார்ந்தேன். பத்து மணி நாற்பது. அவன் பெட்டியில் தனியாக இல்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாததற்குக் காரணம் பயம். பிறந்த அன்றே சிஸ்டர் அவனுக்கு அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தார். என்ன பெயர் என்று கேட்டார். சின்னப்பராஜ் ரத்தம் கொடுக்கப் போயிருந்தார். அங்கே நின்றவள் நான் மட்டும்தான். எனக்கு உங்கள் வேதத்தில் பெயரெல்லாம் தெரியாது. உங்கள் ஊர்க் கோயில் முகப்பில் எழுதியிருப்பது ஞாபகம் வந்தது. சவேரியார் என்று சொன்னேன். சிஸ்டர் அவன் தலையில் தண்ணீர் ஊற்றி அந்தப் பெயரைச் சொன்னார்.

மாரியம்மனைக் கும்பிடுகிற ஒருத்தி உங்கள் பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டாள் என்று கோபித்துக்கொள்வீர்களோ என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள்.

ராமக்காள்

*

சவேரியார்பாளையம்
16-2-87

என் அன்பு அக்காவுக்கு,

கடிதம் வந்த அன்று அவர் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வரப்பில் உட்கார வைத்துச் சத்தமாகப் படித்தேன். காது என்று வந்த இடத்தில் அவர் கை தானாக இடது காதுக்குப் போனது. அதற்குமேல் என்னால் படிக்க முடியவில்லை. அவர் வாங்கி மீதியைப் படித்தார். மடை நிறைந்து பாத்திக்கு வெளியே தண்ணீர் ஓடியது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

கோபமா? அக்கா, எங்களுக்கு ஒரு மகன் இருந்தான் என்பதையே நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள்.

போன வெள்ளி இருவரும் சேலம் போனோம். சிஸ்டரிடம் கேட்டதும் கோயில் பதிவேட்டை எடுத்து வந்து பக்கத்தைப் புரட்டினார். நீலமசியில் இருந்தது. 'சவேரியார். பிறப்பு 14-8-86. தந்தை சின்னப்பராஜ், தாய் புஷ்பமேரி. சாட்சி: ராமக்காள், சுகாதார செவிலியர்.' நம் மூன்று பேர் பெயரும் ஒரே வரிசையில் இருப்பதை அவர் விரல் வைத்துப் படித்தார்.

கல்லறையில் எண் மட்டும்தான் இருந்தது. பெயர் எழுதச் சொல்லிவிட்டு வந்தோம்.

டாக்டரம்மாவையும் பார்த்தோம். இன்னொரு பிள்ளை என்றால் இந்த நோய் மறுபடி வரலாம், வராமலும் போகலாம், மூன்றாம் மாதத்திலிருந்தே வாரம் தவறாமல் பிரஷர் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. வீட்டுக்காரர், "நீ இருக்கறது போதும்" என்கிறார். பார்க்கலாம். அவசரமில்லை.

புது நர்ஸ் நல்ல பெண், ஆனால் கூச்சம். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் அவளோடு நான் வீடு வீடாகப் போகிறேன். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் அவள் பட்டையைக் கட்டி அமுக்கி, எண்ணைப் பார்த்துச் சொல்லி முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பேன். நேற்று ஒரு வீட்டில் கிழவி, "வாயுவாத்தான் இருக்கும்" என்றார். என் மாமியார் ஆரோக்கியம்மாள் எங்களுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார், எனக்கே தெரியாது. "நானும் அப்படித்தான் சொன்னன். வாயுன்னு சொல்லாத. மொதல்ல பார்க்க வுடு" என்று அந்தக் கிழவியை அதட்டினார்.

மாமியாரிடம் உங்கள் கடிதத்தை இன்னும் படித்துக் காட்டவில்லை. எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று பயந்து தள்ளிப்போட்டேன். இன்று மத்தியானம் துணிந்து பெயரை மட்டும் சொன்னேன். முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"யாரு வச்சது?"

"நர்சம்மா."

 முறத்தைக் கீழே வைத்துவிட்டு, தெருவில் விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, வாசலைப் பார்த்து ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தார்.

"சவேரீ..."

இந்த வீட்டில் அவனை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

உங்கள்
புஷ்பா